சிராப்பள்ளிக் குன்றம் – பெயரும் பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டு என்பது ஒரு மனிதனின் வாழ்வில் சிறு பகுதி. ஓர் இலக்கிய அமைப்பின் வாழ்வில் அது நெடுங்காலம். கூட்டம் நிறைந்த நாளிலும் நாற்காலிகள் வெறுமையாய்க் கிடந்த நாளிலும் ஒரே ஆர்வத்தோடு இவ்வட்டத்தை நடத்தி வந்தவர்களை முதற்கண் பாராட்டுகிறேன். இந்நிறைவு விழாவில் ஏதேனும் ஓர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். நான் நம் ஊர்க் குன்றின் பெயரைப் பற்றிப் பேச இசைவு பெற்றேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அது நான் தீர்க்க வேண்டிய ஒரு பழைய கடன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப்பெயர்கள் பற்றிப் பேச்சு வந்தது. திரிசிரன் என்னும் மூன்று தலை அரக்கன் இங்கே சிவபெருமானை வழிபட்டான். அதனால் இவ்வூர் திரிசிரபுரம் எனப்பட்டது. அதுவே திருச்சிராப்பள்ளி ஆயிற்று என்று நான் கேட்டறிந்தவாறே சொன்னேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, திரிசிரன் சரி. பள்ளி எங்கிருந்து வந்தது? அரக்கன் பள்ளிக்கூடம் வைத்திருந்தானா?" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் என்னை எள்ளி நகையாடுகிறான் என்று கருதி, பாடவேளை முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். பின்னாளில் கல்வெட்டு நூல்களைப் பயிலப் பயில, அன்று அவ்வகுப்பில் எழுந்த ஒரே நேரிய வினா அவனுடையதே என்று உணர்ந்தேன். அவன் இன்று எங்கிருக்கிறானோ அறியேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையை இன்று இவ்வவையில் சொல்ல விழைகிறேன்.

பெயர் பெறாத குன்று

காவிரியின் தென்கரையில், சமநிலத்தின் நடுவே, ஏறத்தாழ 83 மீட்டர் உயரம், அதாவது 273 அடி உயரம் எழுந்து நிற்கும் ஒற்றைப் பாறை இது. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், நடுவில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார் என மூன்று நிலைகளில் கோயில்கள் அமைந்துள்ளன. நானூற்றுக்கும் மேற்பட்ட படிகளைக் கடந்து உச்சியில் நின்றால், வடக்கே காவிரியும் கொள்ளிடமும், அவற்றிடையே திருவரங்கத்துக் கோபுரங்களும், மேற்கே உறையூரும் கண்ணுக்குப் புலனாகும்.

சங்கச் சான்றோர் இக்குன்றை அறிந்திருந்தனர். அகநானூற்றின் நான்காம் பாட்டு, உறந்தைக்குக் கிழக்கே உள்ள நெடிய பெருங்குன்றத்தையும் அங்கே செறிந்து மலரும் காந்தளையும் பேசுகிறது. உறந்தை என்பது உறையூர். அதன் கிழக்கே உள்ள பெருங்குன்றம் நம் மலையே என்று அறிஞர் கொள்வர். இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. புலவர் குன்றின் திசையைச் சொல்கிறார், உயரத்தைச் சொல்கிறார், பூவைச் சொல்கிறார், பெயரைச் சொல்லவில்லை. உறையூர் பெரிய நகராக இருந்த நாளில் இக்குன்று அந்நகரின் கிழக்கு அடையாளமாக விளங்கியது. பின்னர் ஒருவர் வந்து தங்கினார். அதனால் குன்று தனக்கென ஒரு பெயரைப் பெற்றது. வந்தவர் யார் என்பதே நாம் காண வேண்டுவது.

பெயர்க்காரணங்கள் பல

திருச்சிராப்பள்ளி என்னும் பெயருக்கு அறிஞர் கூறிய விளக்கங்கள் பல. திரிசிரன் வழிபட்ட தலம் என்பது மக்கள் நடுவே பரவியுள்ள விளக்கம். மலையின் மூன்று சிகரங்களே மூன்று சிரங்கள் என்று அதற்கு வேறொரு வகையாகவும் பொருள் உரைப்பர். 'சிலா' என்னும் வடசொல் கல்லைக் குறிக்கும். ஆதலின் திருச்சிலாப்பள்ளி, அதாவது திருக்கல்லூர் என்பது பொருள் என்பர் சிலர். ஆங்கிலேய அறிஞர் சி. பி. பிரவுன், சிறிய ஊர் என்னும் பொருள் தரும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்ததாகக் கருதினார். சமணரின் ஜினப்பள்ளியே சினப்பள்ளியாயிற்று என்பாரும் உளர். ஒரு கொடியின் பெயரை இதனோடு இணைத்துச் சொன்னோரும் உளர்.

இத்தனை விளக்கங்களையும் உரைத்துப் பார்க்க நம்மிடம் ஓர் எளிய உரைகல் உண்டு. இவ்வூரின் பெயரைப் பழைய நூல்களும் கல்வெட்டுகளும் எவ்வாறு எழுதின என்று காண்பதே அது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தைப் பாடிய பதிகம் முதல் திருமுறையில் உள்ளது. அதில் அவர் இதனைச் 'சிராப்பள்ளி' என்றே பாடுகிறார். மலையிலுள்ள கல்வெட்டோ 'சிராமலை' என்கிறது. இங்குள்ள பல்லவர் குடைவரையில், நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட ஓர் அந்தாதி முழுவதுமாகக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைச் சிராமலை அந்தாதி என்று வழங்குகிறோம். ஏட்டில் எழுதியவற்றைக் கறையான் தின்ற நாட்டில், ஓர் அந்தாதியைப் பாறை காத்துத் தந்தது நம் நற்பேறு.

இவற்றால் அறியப்படுவது யாது? பெயரின் முதலில் நிற்கும் 'திரு' என்பது திருவாரூர், திருவையாறு என்பவற்றிற்போலப் பிற்காலத்தார் சேர்த்த சிறப்பு அடைமொழி. அதை நீக்கினால் எஞ்சுவன 'சிரா', 'பள்ளி' என்னும் இரண்டே. 'திரி' என்பது பெயரின் உறுப்பாகத் தொடக்கத்தில் இருந்ததில்லை. அஃது இல்லையெனில் மூன்று தலைக்கு இங்கு இடமில்லை. 'சிறு' என்னும் சொல்லில் வல்லின றகரம் வரும். நம் பெயரிலோ இடையின ரகரம் வருகிறது. ஜினன் என்றால் னகரம் இருத்தல் வேண்டும், அதுவும் இல்லை. சிலா என்பது சிரா ஆகத் திரியலாம் எனினும், பழைய வழக்குகள் ரகரத்தையே காட்டுகின்றன.

ஆயின் 'சிரா' என்பது யாது?

கல் படுக்கையும் ஒரு பெயரும்

உச்சிப்பிள்ளையாரை வழிபட்டுத் திரும்புவோரில் பெரும்பாலோர் காணாத ஓர் இடம் இம்மலையில் உண்டு. பாறையின் ஒதுக்குப்புறமான ஒரு பகுதியில், இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்றுள்ளது. அதனுள் பாறையைச் செதுக்கிச் சமன் செய்த படுக்கைகள் இருக்கின்றன. தலை வைப்பதற்குக் கல்லிலேயே சற்று உயரமாக விட்ட தலையணைப் பகுதியும் உண்டு. சமணத் துறவியர் தங்கித் தவம் செய்த இடம் அது. சித்தன்னவாசலிலும் புகழூரிலும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலும் இத்தகைய படுக்கைகளைக் காண்கிறோம். அங்கே தங்கியோரின் பெயர்கள் சில எழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. நம் குன்றின் அத்தகைய பொறிப்புகளுள் ஒன்று 'சிரா' என்பது. எழுத்தமைதி கொண்டு அது ஏறத்தாழ ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது எனக் கருதுவர்.

சிரா என்னும் துறவி தங்கிய பள்ளி சிராப்பள்ளி. அவர் தங்கிய மலை சிராமலை. இவ்விளக்கத்தில் எழுத்தை மாற்ற வேண்டுவதில்லை. எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டுவதில்லை. கல்லில் உள்ள பெயர் கல்லின் பெயராயிற்று.

அத்துறவி யார், எவ்வூரினர், என்ன கற்பித்தார் என்பவை நமக்குக் கிடைத்தில. உடைமை யாதும் இன்றி வாழ்ந்த ஒருவர் தமக்கென விட்டுச் சென்றவை ஆறடிப் படுக்கையும் இரண்டு எழுத்துகளுமே. பல இலக்கம் மக்கள் வாழும் ஒரு மாநகரின் பெயர் அவ்விரண்டு எழுத்துகளின்மேல் நின்றுகொண்டிருக்கிறது.

குடைந்தவனும் பாடியவரும்

அத்துறவியர்க்குப் பின், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் இம்மலையில் ஒரு குடைவரைக் கோயிலை எடுத்தான். லளிதாங்குரன் என்னும் தன் சிறப்புப் பெயரால் லளிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்று அதற்குப் பெயரிட்டான். கங்கையைச் சடையில் ஏற்கும் சிவபெருமானின் சிற்பம் அங்கு உள்ளது. தூண்களில் பொறித்துள்ள வடமொழிப் பாடல்கள் நயம் மிக்கவை. ஆறுகளை விரும்பும் இறைவன் காவிரியின் அழகில் மயங்கிவிடுவானோ என்று அஞ்சி, மலைமகள் தன் தந்தை வீட்டைவிட்டு வந்து இக்குன்றிலேயே தங்கி, இவ்வாறு பல்லவனின் துணைவி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்! காவிரி நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்த மன்னன், அரசியல் செய்தியையும் அகப்பாடலின் சுவையோடு சொல்லிவிட்டான்.

அக்கல்வெட்டின் மற்றொரு பாடல், குணபரன் என்னும் பெயருடைய அம்மன்னன் மாறுபட்ட நெறியிலிருந்து திரும்பி இலிங்க வழிபாட்டை மேற்கொண்டதைக் குறிப்பதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. அவன் சமணத்தினின்றும் சைவத்திற்கு மாறியவன் என்ற கருத்துக்கு இதனைச் சான்றாகக் காட்டுவர். சமண நெறியினின்று மாறிய பல்லவன், சமணரின் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் சிவன் கோயில் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறும். ஆனால் இங்கே, அவன் கோயில் குடைந்த அதே மலையில், சமணரின் படுக்கைகள் இன்றும் கிடக்கின்றன.

சம்பந்தரும் நாவுக்கரசரும் இம்மலையைப் பாடினர். தம் பதிகங்களின் பத்தாம் பாட்டில் சமணரையும் பௌத்தரையும் மறுத்துப் பாடுவது சம்பந்தரின் வழக்கம். சிராப்பள்ளிப் பதிகத்திலும் அவ்வாறே பாடியுள்ளார். ஆயினும் அப்பதிகத்தில் இறைவனின் ஊரைச் சொல்ல அவர் எடுத்தாண்ட பெயர் சமணத் துறவியின் பெயர். சமணரின் உறைவிடத்தைக் குறித்த சொல். சமயத்தார் வாதில் மாறுபட்டனர். மக்கள் வாயில் வழங்கிய பெயரை ஒருவரும் மாற்றவில்லை. வாதப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் ஊர்ப்பெயர் ஊராரின் உடைமையாகவே இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பள்ளி என்னும் ஒரு சொல்

இனி என் மாணவனின் வினாவுக்கு வருகிறேன். பள்ளி எங்கிருந்து வந்தது?

நாம் 'சிரா' என்னும் முதற்பகுதியைப் பற்றியே இத்தனை காலமும் வாதிட்டு வந்தோம். 'பள்ளி' என்னும் பிற்பகுதியில் எவர்க்கும் ஐயமில்லை. ஆகவே அதை எவரும் கூர்ந்து நோக்கவில்லை. உண்மையில் பெயரின் உயிர் அங்கேதான் உள்ளது.

பள்ளி என்பது படுக்கை. துயிலும் அறையைப் பள்ளியறை என்கிறோம். துறவி படுத்த கல்லும் பள்ளியே. அவர் உறைந்த இடமும் பள்ளியே. மதுரைக்கு அண்மையில் மாங்குளத்தில், பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயர் தாங்கிய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், துறவியர்க்கு வெட்டுவித்த உறைவிடத்தைக் குறிக்க இச்சொல்லின் பழைய வடிவத்தை ஆள்கின்றன. நமக்குக் கிடைத்துள்ள மிகத் தொன்மையான தமிழ் எழுத்துப் பொறிப்புகளுள் அவை அடங்கும். எழுத்து தோன்றிய நாள் முதல் நம்மோடு வரும் சொற்களுள் ஒன்று பள்ளி என்பதில் ஐயமில்லை.

அப்பள்ளிகளில் இருந்த துறவியர் சிறாருக்கு எழுத்து அறிவித்தனர். அதனால் கற்பிக்கும் இடம் பள்ளிக்கூடம் ஆயிற்று என்பர். மலையுச்சியில் நின்று வடக்கே நோக்குங்கள். திருவரங்கத்தில் அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். அவனைத் துயிலெழுப்பத் தொண்டரடிப்பொடியாழ்வார் பாடியது திருப்பள்ளியெழுச்சி. அடிவாரத்து நகரில் இசுலாமியப் பெருமக்கள் தொழும் இடத்தைப் பள்ளிவாசல் என்கிறோம். அண்டை மலையாள நாட்டில் கிறித்தவர் கோயிலும் பள்ளி எனவே வழங்கும். மறைந்த அரசர்க்கு எடுத்த நினைவுக் கோயில் பள்ளிப்படை.

துறவி, மாணவன், திருமால், தொழுகையாளர், மறைந்த மன்னன் என இத்தனை பேருக்கும் இடம் தந்தது ஒரே சொல். வேற்றுச் சமயம் புதிதாக வந்தபோது, அதன் வழிபாட்டிடத்திற்கு அயற்சொல் தேடாமல், தன்னிடமிருந்த மிகப் பழைய சொல்லையே எடுத்துக் கொடுத்தது தமிழ். இதனை யாரும் ஆணையிட்டுச் செய்யவில்லை. மொழி தன் இயல்பால் செய்தது.

'அரக்கன் பள்ளிக்கூடம் வைத்திருந்தானா?' என்று கேட்ட சிறுவன் தன்னையறியாமல் உண்மையின் வாயிலில் வந்து நின்றான். இம்மலையில் அரக்கன் பள்ளி வைக்கவில்லை; சிரா என்னும் துறவியின் பள்ளி இருந்தது. அப்பள்ளியும் அவன் அமர்ந்திருந்த பள்ளியும் ஒரே சொல். இதை நான் சொல்லியிருந்தால் அவன் வாழ்நாள் முழுதும் மறந்திருக்கமாட்டான். விடை தெரியாத ஆசிரியன் வினாவைக் குற்றமாக்கினான்.

புராணமும் கோட்டையும்

இவ்வாறு கூறுவதால் புராணக் கதைகளைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் இத்தலத்தின் பெருமையைப் பேசும் நூல். காவிரியின் வெள்ளத்தால் தாய் வர இயலாதபோது, இறைவனே தாய் வடிவில் வந்து ஒரு பெண்ணுக்குப் பேறு பார்த்தான் என்னும் கதை எவர் உள்ளத்தையும் உருக்கும். கடவுளுக்குத் 'தாயுமானவர்' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. அப்பெயரைத் தாங்கியே பின்னாளில் அருட்கவி தாயுமானவர் தோன்றினார். உ. வே. சாமிநாதையரின் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவர்களைத் திரிசிரபுரத்தார் என்றே தமிழுலகம் அறியும். திரிசிரபுரம் என்னும் பெயர்க்கும் அதனால் ஒரு பெருமை வந்துவிட்டது. ஊர் எவ்வாறு பெயர் பெற்றது என்பது வரலாற்றின் வினா. ஊரார் அப்பெயரில் எதனைக் கண்டு போற்றினர் என்பது புராணத்தின் விடை. வினா வேறு, விடை வேறு என்று அறிந்து கொண்டால் இரண்டையும் போற்றலாம்.

மதுரை நாயக்கர்கள் காலத்தில் குன்று கோட்டையாயிற்று; 17ஆம் நூற்றாண்டில் இஃது அவர்களின் தலைநகராகவும் விளங்கியது. 1751–52ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பக்கம் நின்று இதற்காகப் போரிட்டனர். ஆங்கிலேயர் நாவில் ஊர் 'டிரிச்சினாப்பள்ளி' என்று திரிந்தது. இங்கு செய்த சுருட்டு அப்பெயருடன் இங்கிலாந்து சென்று, 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் இடம்பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டன, அகழி தூர்ந்தது, ஒரு வாயில் எஞ்சியது. ஆயினும் 'மலைக்கோட்டை' என்னும் பெயர் நிலைத்து, சென்னைக்குச் செல்லும் தொடர்வண்டிக்கும் பெயராயிற்று. பள்ளியில் துறவியர் இல்லை, பெயர் இருக்கிறது. கோட்டையில் படை இல்லை, பெயர் இருக்கிறது.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! பெயர் இருக்கிறது என்று மகிழ்ந்து அமைந்துவிட முடியவில்லை. பெயர்க்குச் சான்றான கல் என்னவாகும் என்பதே என் கவலை. தமிழகத்தின் சமணக் குகைத்தளங்கள் பலவற்றிலும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய எழுத்துகளின் அருகே, நேற்று வந்தவர் தம் பெயரைச் சுண்ணத்தாலும் ஆணியாலும் கிறுக்கிச் சென்றிருப்பதைக் கண்டு வருந்துகிறோம். அன்று பொறித்ததும் பெயர்தானே என்று ஒருவர் கேட்கலாம். அங்கே கிடந்து நோற்றவர்க்கு உரிய இடத்தில் உளி கொண்டு பொறித்த பெயர் அது. இன்றைய கிறுக்கலோ அப்பெயரையே அழிப்பது. 'சிரா' என்பது இரண்டே எழுத்து. ஓர் ஆணியும் அரை நாழிகையும் அதனை இல்லாமல் செய்யப் போதும். அதன்பின் பெயர்க்காரணம் பற்றிய விளக்கங்களுள் ஒன்றாக மட்டுமே அதுவும் நிற்கும்; சான்று இராது.

ஆகவே இவ்வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். பதினோராம் ஆண்டில் ஒரு கூட்டத்தையேனும் அரங்கினுள் நடத்தாமல், தொல்லியல் துறையினரின் இசைவு பெற்று, அப்பாறையின் அருகே நடத்துங்கள். பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். குடைவரையில் கல்லில் நிற்கும் அந்தாதியைக் காட்டுங்கள். கல் படுக்கையைக் காட்டி, 'உன் பள்ளி என்னும் சொல் படுத்திருந்த இடம் இது' என்று சொல்லுங்கள். தன் சொல் பிறந்த இடத்தைக் கண்ட பிள்ளை அக்கல்லின்மேல் ஆணியை வைக்கமாட்டான்.

அங்கே எவனேனும் ஒரு சிறுவன் எழுந்து வேடிக்கையாக ஒரு வினாக் கேட்டால், அவனை நிற்க வைக்காதீர்கள். அருகில் அமர வைத்துக்கொள்ளுங்கள்.